இருபதடி கண்ணீர் அஞ்சலி

செல்போன் அலறியது.

வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில் அறிவு டிஜிட்டல்ஸ். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி.

இனியா எடுத்தாள். இருபத்து நாலு வயது. அந்தக் கடையின் ஒரே டிசைனர். கல்யாணம், காதுகுத்து, சாவு... எதுவானாலும் அவள் கை பட்டுத்தான் பேனராகும்.

"சொல்லுங்க சார்."

"கண்ணீர் அஞ்சலி பேனர் ஒண்ணு வேணும்மா. பெருசா. இருபதுக்குப் பத்து."

"பேரு?"

"ராமன். ரிட்டயர்டு சர்வேயர். வர்ற வியாழக்கிழமை பதினாறாம் நாள் காரியம். நான் அவரோட பையன், ராஜா. மெட்ராஸ்ல வேலை, காரியம் முடியற வரைக்கும் இங்கதான் இருக்கேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். போன வாரம் பேப்பரில் வந்த பெயர். புதன்கிழமை மாலை, தன் வீட்டு ஈஸிசேரில் செத்துக் கிடந்தார் ராமன். பக்கத்தில் காலி டம்ளர். குடித்த பாலில் தூக்க மாத்திரை... அளவுக்கு மேல்!

பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்தவள் சமையல்காரி காசியம்மாள். பீரோ சாவியும் அவள் இடுப்பில்தான் இருந்தது. போலீசுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் காலையிலேயே கைது. கொலை கேஸ். வேலூர் பெண்கள் ஜெயில்.

காசியம்மாள், இனியாவின் அம்மா.

பத்து வருஷம் தன் அப்பாவுக்குச் சோறு போட்டவளுக்கு ஒரு மகள் இருப்பது ராஜாவுக்குத் தெரியாது. சமையல்காரியின் குடும்பத்தை எல்லாம் யார் விசாரிக்கிறார்கள்? விசாரித்திருந்தால் வேறு கடையைப் பார்த்துப் போயிருப்பான்.

"போட்டோவை வாட்ஸ்அப்ல போடட்டுமாம்மா?"

போனை வைத்துவிடத்தான் நினைத்தாள். வாய் வழக்கத்தில் பேசிவிட்டது. எல்லாக் கஸ்டமருக்கும் சொல்கிற அதே பதில்.

"வேணாம் சார். வாட்ஸ்அப்ல வந்தா படம் கட்டம் கட்டமா உடைஞ்சிடும். இருபதடி பேனர்ல மூக்கே மூணடி வரும். போனை நேர்ல எடுத்துட்டு வாங்க, ஒரிஜினல் வேணும்."

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டான்.

நாற்பத்தெட்டு வயது. கொள்ளி வைத்த மொட்டைத் தலை. கையில் ஆறு மாதம்கூட ஆகாத, விலை உயர்ந்த போன். அதை அவன் மேஜையில் வைத்த பக்குவத்தைப் பார்த்தால், செத்தது அப்பாவா போனா என்று சந்தேகம் வரும்.

"ஜாக்கிரதைம்மா. இதுல எடுத்தா கேமராவே தோத்துடும்."

கேபிளை மாட்டினாள். ஒரே எண்ணில் இரண்டு ஃபைல்கள் வந்தன.

முதலாவது திறந்தது. ராமன் மார்பளவில் சிரித்தார். பின்னால் நீல வானம், வெள்ளை மேகம். செத்தவர்களுக்கென்றே ஆப்பில் கிடைக்கிற மேகம்.

"இது எப்ப எடுத்தது சார்?"

"பொங்கலுக்கு வந்தப்போ. அதுக்கப்புறம் வரவே நேரமில்ல. செத்த அன்னைக்குக்கூட பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணித்தான், ராத்திரி பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தேன்."

இனியா படத்தையே பார்த்தாள். ராமன் போட்டிருந்தது இலைப் பச்சை சட்டை.

ஜெயில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா அழுதுகொண்டே சொன்னது காதில் விழுந்தது.

'அன்னைக்கு அய்யா புதுச் சட்டைய எடுக்கச் சொன்னாருடி. இலைப் பச்சை. தீபாவளிக்கு எடுத்தது, கவரைக்கூடப் பிரிக்கல. நான்தான் குண்டூசிய எல்லாம் எடுத்துட்டுக் குடுத்தேன்.'

புதன்கிழமை கவரிலிருந்து வந்த சட்டை, பொங்கல் போட்டோவுக்குள் எப்படி வந்தது?

சந்தேகத்தைக் காட்டிக்கொள்ளாமல் இரண்டாவது ஃபைலைத் தட்டினாள். முதலாவதைவிட ஆறு மடங்கு பெரியது.

'இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது' என்றது கம்ப்யூட்டர்.

ராஜா சிரித்தான். "அது ரா ஃபைலும்மா. போன் தானா சேர்த்து வைக்கும். உங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் திறக்காது, அதுக்கு லெவலே வேற. மொதல் படமே போதும். நாளைக்குப் பதினொரு மணிக்கு மாடல் பாக்க வர்றேன்."

"சரி சார்."

இரண்டையும் ஏற்கனவே காப்பி செய்திருந்தாள்.

நாம் போனில் பார்ப்பது மேக்கப் போட்ட படம். போனே வெளிச்சம் கூட்டும், முகத்தை வழவழப்பாக்கும். வெட்டுவதும் வானம் ஒட்டுவதும் நம் வேலை. ரா ஃபைல் அப்படி இல்லை. லென்ஸ் கண்டதை மேக்கப் இல்லாமல் முழுசாக வைத்திருக்கும். யார் எந்த ஓரத்தை வெட்டினாலும் அதற்குக் கவலை இல்லை.

அதைத் திறக்க வேண்டும். திறந்தால் அம்மா வெளியே வருவாள். இல்லையென்றால் ஆயுள் தண்டனை. இனியாவுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"அண்ணா, நம்ம சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணணும்."

முதலாளி அறிவுச்செல்வன் பதறிப்போய்த் திரும்பினார். தங்கமான மனுஷர்தான். ஆனால் அவர் கடையில் ஓடுவது எட்டு வருஷம் பழைய சாஃப்ட்வேர். காசு கொடுத்து வாங்கியதில்லை. யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்தது. ஜில்லாவில் பாதிக் கடைகளில் அதே கதைதான்.

"இன்னா வெளையாடறியா? அப்டேட் பட்டனைத் தொட்டா மொத்தமா லாக் ஆயிடும். நெட்டு ஒயரையே அதுக்காகத்தான் புடுங்கி வச்சிருக்கேன்."

"இந்த போன் வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. நம்ம சாஃப்ட்வேர் எட்டு வருஷம் பழசு. அதுக்கு இந்த ஃபைல் இன்னான்னே தெரியலண்ணா."

"தெரியலன்னா உடு. வைகாசி முகூர்த்தத்துக்குப் பதினெட்டு பேனர் நிக்குது. எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்குது."

"எங்கம்மா ஜெயில்ல கெடக்குறாங்க."

அறிவுச்செல்வன் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றார். "நான் இல்லாதப்ப நீ இன்னா பண்றேன்னு எனக்குத் தெரியாது."

போகிறபோது நெட் ஒயரை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

செருகினாள். அப்டேட்டைத் தட்டினாள்.

அவர் சொன்னது பலித்தது. ஐந்தே நிமிஷத்தில் சாஃப்ட்வேர் செத்தது. பதினெட்டு முகூர்த்தமும் அதோடு போச்சு.

ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது. புது சாஃப்ட்வேரை ஏழு நாள் இலவசமாகப் பயன்படுத்தலாமாம். ஒரு மணி நேரம் இறக்கினாள். ரா ஃபைலைத் தட்டினாள்.

திறந்தது.

சாயம் வெளுத்த மாதிரி ஒரு படம். நீல வானம் இல்லை. ராமனின் கூடம். ஈஸிசேர். அவருக்குப் பின்னால் பாதி இருட்டில், கண்ணாடி பதித்த பீரோ.

இருட்டைக் குறைக்கும் பட்டனை மெல்ல மேலே தள்ளினாள்.

கண்ணாடிக்குள் ஒரு ஆள் தெரிந்தான். போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அப்போது தலையில் முடி இருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம்!

ஃபைலின் விவரத்தைப் பார்த்தாள். புதன்கிழமை. மாலை 4.37.

*

இனியா போன் பண்ணிக் கூப்பிட்டதில், சனிக்கிழமை பத்தரை மணிக்கு இன்ஸ்பெக்டர் சந்திரகலா கடைக்குள் நுழைந்தாள். இனியாவின் அம்மாவை ஜீப்பில் ஏற்றிய அதே சந்திரகலா.

படத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ பாக்கற வேலை இன்னா?"

"டிசைனர் மேடம்."

"இல்லாத ஆளைச் சேக்கறது, இருக்கற ஆளைத் தூக்கறது. அதானே? இதையும் நீயே பண்ணலன்னு நான் எப்படிம்மா நம்புறது?"

இனியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆத்திரத்தில்தான்.

"மேடம், நான் ஒட்டிச் சேர்த்தா அது வேற ஃபைலா ஆயிடும். இது கேமரா எழுதினது எழுதினபடி இருக்குது. நம்ப வேணாம். அவர் போன்லயும் இதே ஃபைல் இருக்கும். வாங்கிப் பாருங்க. எங்கம்மாவப் புடிக்க ஒரு சாவி போதும்னீங்களே... இவரைக் கேள்வி கேக்க இது போதாதா?"

சந்திரகலா நாற்காலியை இழுத்து மூலையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சரியாகப் பதினொரு மணிக்கு ராஜா வந்தான்.

"மாடல் ரெடியாம்மா?"

"ரெடி சார். பாருங்க."

திரையில் கூடம். அப்பா. பீரோ. கண்ணாடியில் அவன்.

மூலையில் காக்கிச் சட்டை எழுந்தது.

"போனைக் குடுங்க மிஸ்டர் ராஜா."

கொடுத்தான். கேபிளை மாட்டினார்கள். அதே ஃபைல். அதே தேதி. அதே 4.37.

"மெட்ராஸ்லேருந்து ராத்திரி பத்தரைக்குத்தான் வந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாலரைக்குப் பீரோ கண்ணாடிக்குள்ள இன்னா பண்ணீங்க?"

"மேடம்... அப்பாதான் வரச் சொன்னாரு. நல்லதா ஒரு போட்டோ எடுடான்னாரு."

"எடுத்துட்டுப் பால் குடுத்தீங்க."

"இல்ல மேடம்!"

"அந்த வீடு சீக்கிரம் கைக்கு வரணும்னா?"

"நான் கொல்லல மேடம். சத்தியமா கொல்லல."

"கொலை கேஸுக்குச் சத்தியம் செல்லாதுங்க. ஜீப்புல ஏறுங்க."

ராஜா பர்ஸை எடுத்தான். உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினான்.

"போட்டோ எடுத்துட்டு வெளிய போயிட்டு, ஆறு மணிக்குத் திரும்பவும் வீட்டுக்குப் போனேன். அப்பா... முடிஞ்சிருந்தாரு. மடியில இது இருந்தது."

சந்திரகலா பிரித்துச் சத்தமாகப் படித்தாள்.

'நோயின் வலி தாங்க முடியவில்லை. இது என் முடிவு. பாலில் கலந்தது நான். காசியம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. அவள் மூன்றரைக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். - ராமன்.'

சந்திரகலா தாளை இன்னொரு தரம் படித்தாள்.

கொலையே நடக்கவில்லை!

"இதை மறைச்சீங்க" என்றாள் சந்திரகலா.

"பொண்ணுக்கு வைகாசில கல்யாணம் மேடம். தாத்தா தற்கொலை பண்ணிக்கிட்டாருன்னு தெரிஞ்சா சம்பந்தி வீட்ல குடும்பத்துலயே ஏதோ கோளாறும்பாங்க. கொலைன்னா... பாவம்னு சொல்லிட்டு வருவாங்க."

"அதுக்கு ஒரு பொம்பளை ஜெயிலுக்குப் போனா பரவாயில்லையா?"

ராஜா தலையைக் குனிந்தான். குனிந்தாலும் உண்மை வந்துவிட்டது.

"வேற யாரும் இல்லையே மேடம்..."

இனியா எழுந்து அவன் எதிரே வந்தாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்கணும்னா அந்த லெட்டரை எரிச்சிருக்கலாமே. எதுக்குப் பர்ஸ்ல வச்சிருந்தீங்க?"

"ஒருவேளை என் மேல சந்தேகம் வந்தா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அம்மா ஜெயிலில் களி தின்ற ஒன்பது நாளும், அவளை வெளியே கொண்டுவரும் தாள் இவன் பேன்ட் பாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. இவனுக்காக மட்டும். இனியாவுக்கு அவன் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது.

அறையவில்லை. போலீஸ் பக்கத்தில் இருந்தது. அவளும் சமையல்காரியின் மகள்தானே, அவள் அடித்தால் உடனே கேஸாகிவிடும்.

*

சட்டம் தன் கடமையைச் செய்தது. எப்படி என்று கேளுங்கள்.

பொய் வாக்குமூலம், சாட்சியத்தை மறைத்தது என்று ராஜாவைக் கைது செய்தார்கள். எல்லாம் ஜாமீனில் விடக்கூடிய பிரிவு. சாயங்காலமே வெளியே வந்துவிட்டான். ஒரு வேளை களிகூடத் தின்னவில்லை.

காசியம்மாளுக்கு ஜாமீன் கிடைக்கச் செவ்வாய்க்கிழமை ஆனது. சனி, ஞாயிறு கோர்ட் லீவாம். திங்கள்கிழமை ஒரு பேப்பரில் ஸ்டாம்ப் விட்டுப்போச்சாம். லெட்டரில் இருப்பது ராமனின் கையெழுத்துதான் என்று நிபுணர் சொல்லும்வரை கேஸ் நிற்கும் என்றார் வக்கீல்.

சம்பந்தி வீட்டார் மட்டும் கல்யாணத்தை நிறுத்தவில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு சாவு உண்டாம். 'முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க இன்னா கேக்கப் போறோம்?' என்றார்களாம்.

புதன்கிழமை மத்தியானம். காசியம்மாள் வீட்டில் செல்போன் அலறியது. ராஜாவின் மனைவி அன்புச்செல்வி.

"காசியம்மா... நடந்தது நடந்துபோச்சு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. நாளைக்கு மாமாவுக்குக் காரியம். நூறு பேருக்கு இலை போடணும், சமையலுக்கு ஆளே கிடைக்கல. எங்க வீட்டுப் பக்குவம் உனக்குத்தான் தெரியும். காலைல வந்துடறியா?"

கட் பண்ணச் சொல்லி இனியா சைகை காட்டினாள். பல்லைக் கடித்தாள்.

காசியம்மாள் மகளைப் பார்த்தாள். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். பத்து வருஷமாக அந்த வீட்டில் பேசிய அதே பணிவான குரலில் சொன்னாள்.

"அதுக்கென்னம்மா, வர்றேன். ஸ்டேஷன்ல சொல்லி ஒரு ஏட்டய்யாவ மட்டும் வரவச்சிடுங்க. அவரு மொத பந்தியில சாப்பிட்டு, அரை மணி நேரம் நல்லா இருந்தாருன்னா... மத்தவங்களுக்கு இலை போட்டுக்கலாம்."