ஒரு கைப்பிடி அரிசிக்குக் காவல்

குளிர்மதி என்ற குளிர்ப்பெட்டியை நிறுத்தி அணைக்க வேண்டிய நாளில் மயிலாத்தாள் காலையிலிருந்து யாருக்கும் முகங்கொடுத்துப் பேசவில்லை. வெளிநாட்டில், பெர்த் நகரில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம். எட்டு மாதம் அங்கேதான். அவளும் கணவர் நாச்சிமுத்துவும் ஆறு வருடமாகக் குடியிருந்து ஊர் சுற்றிய, சக்கரம் வைத்த நகர்வீடு அதுவரை பெருந்துறைக்கு வெளியே ஓய்வுமனையில் நிற்கும். இருநூறு நகர்வீடுகள் வரிசையாகத் தூங்கும் இடம் அது. உள்ளே நிறுத்த ஒரே நிபந்தனை, குளிர்ப்பெட்டி அணைந்திருக்க வேண்டும்.

பழைய காலத்துப் பெட்டி என்றால் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இது குளிர்மதி. குளிர் இருக்கும்வரைதான் இதன் மூளைக்கு நினைவு. சூடேறினால் கற்றதெல்லாம் கரைந்து போகும். நாச்சிமுத்துவின் சர்க்கரை அளவும், மயிலாத்தாளுக்கு ஒத்துக்கொள்ளாத கீரையும் அதற்கு அத்துப்படி. அவளோடு பேசிப் பேசிக் கொங்குத் தமிழே அதற்கு வந்துவிட்டது. போன ஆடியில் ஒரு மத்தியானம் தண்ணீர் எடுக்க வந்த நாச்சிமுத்து மூச்சுத் திணறியதைக் கேட்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் அதுதான். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் மருத்துவர். அன்றிலிருந்து மயிலாத்தாளுக்கு அது பெட்டி இல்லை, வீட்டில் ஓர் ஆள்.

ஓய்வுமனைக் காப்பாளர் செல்வநாயகி வந்தாள். பனி உருகிய தண்ணீரைத் தட்டோடு எடுத்துக் கொட்டினாள். சோடா மாவு கரைத்துத் தட்டுகளைத் துடைத்தாள். கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகினாள்.

"கதவு இப்படித் தொறந்தே இருக்கோணுமுங்க்கா. சாத்துனா பூசணம் புடிச்சு நாறிப்போகும்" என்றவள், மூளை அறையின் சுவிட்சையும் அணைத்தாள். "அரை மணி நேரத்துல அடங்கீருமுங்க. நான் போய் ரசீது எடுத்தாறேன்."

அவள் போனதும் மயிலாத்தாள் பெட்டியருகே குனிந்தாள். "பயமா இருக்குதா சாமி?"

"பயம்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்கம்மா. ஆனா உங்கள மறந்துருவேன்" என்றது குளிர்மதி.

அவ்வளவுதான், அவளுக்குப் பொறுக்கவில்லை.

கெட்டுப்போன சாப்பாட்டால் ஒரு கோடையில் ஊர் ஊராக ஆட்கள் செத்த பிறகு ஒரு சட்டம் வந்திருந்தது. கதவு சாத்தியிருந்து, உள்ளே தின்னக்கூடிய பொருள் எது இருந்தாலும் சரி, யார் அணைத்தாலும் குளிர்மதி தானாக விழித்துக்கொள்ளும். சூரியத்தகட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக் காவல் காக்கும். மயிலாத்தாள் ஒரு கைப்பிடி அரிசியைக் கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்தாள். கட்டையை உருவிக் கதவைச் சாத்தினாள். பெட்டி மெல்ல முனகத் தொடங்கியது.

"என்ன புள்ள பண்றே?" என்றார் நாச்சிமுத்து.

"அடுப்படிய வழிச்சுத் தொடச்சு வெறுமையா உட்டுப்போட்டு என்னைக்குப் போயிருக்கறோம்? ஒரு கை அரிசி கெடக்கட்டுமுங்க."

அது அவள் அம்மா வீட்டு வழக்கம்தான். அவருக்கும் ஆட்சேபணை இல்லை. உயிர் கொடுத்த பெட்டியாயிற்றே! செல்வநாயகியிடம் வாசலிலேயே ரசீதை வாங்கிக்கொண்டு, மனநிறைவோடு விமானம் ஏறினார்கள்.

பேத்தி பிறந்தாள். குழந்தைக்குத் தலை நின்றது. எட்டு மாதம் கழித்து ஓய்வுமனைக்கு வந்து இறங்கியதும் மயிலாத்தாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியிடம் ஓடினாள்.

"சாமி, நாந்தான்!"

"வந்துட்டீங்களாம்மா?" என்றது குளிர்மதி. "கதவத் தொறந்து அந்த அரிசிய எடுத்துருங்க. என்னை அணைச்சுருங்க."

அவள் திகைத்து நின்றாள். "ஏஞ்சாமி? அதுதான் வந்துட்டேனே."

"மொத மாசம் வெளிய காலடி கேட்டாக் கூப்பிட்டேனுங்க. கண்ணாடியெல்லாம் சாத்தியிருந்துச்சு, ஒருத்தருக்கும் கேக்கல. அப்புறம் கூப்பிடறத நிறுத்திட்டேன். அரிசி கெடாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆனா அது உள்ள இருக்கற வரைக்கும் நான் தூங்கக் கூடாது. இருநூத்தி நாப்பத்தாறு நாளுங்கம்மா. இருட்டு. கதவத் தொறக்க ஒரு ஆளில்ல."

"பயம் தெரியாதுன்னு சொன்னியே கண்ணு…"

"அப்பத் தெரியாதுங்க. இங்கதான் கத்துக்கிட்டேன். இனி நீங்க கடைக்குப் போறேன்னாலும் பயந்துக்குவேன். அணைச்சா அது போயிருமுங்க."

மயிலாத்தாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி மக, நல்லதுன்னு நெனச்சு இப்படிப் பண்ணிப்போட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து அவள் தோளைத் தொட்டார். "அணைச்சா நம்மளையும் மறந்துரும் புள்ள. பாத்துக்க."

அவளுக்குத் தெரியாதா? இன்னொரு எட்டு மாதம் ஆனாலும் அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கூடவே இருந்து பயத்தைத் தேற்றிவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் ஆசைப்பட்டாள். அப்புறம், போன முறையும் தன் ஆசைக்காகத்தானே அதை விழிக்க வைத்தோம் என்று நினைத்து வெட்கப்பட்டாள். எழுந்து அரிசிக் கிண்ணத்தை வெளியே எடுத்தாள். சுவிட்சை அணைத்துவிட்டு, கட்டையைத் தேடாமல் கதவைத் தன் கையாலேயே திறந்து பிடித்துக்கொண்டாள்.

அரை மணி நேரமும் அப்படியே நின்றாள். குளிர்மதி கொஞ்ச நேரம் பேத்தியைப் பற்றிக் கேட்டது. பிறகு சொற்கள் இடைவெளி விட்டு விட்டு வந்தன. "அய்யாவுக்கு… மத்தியான மாத்திரை…" என்றது. அதற்குமேல் சத்தமில்லை.

மறுநாள் காலை மறுபடி இயக்கியபோது, செய்தி வாசிப்பவரைப் போல ஒரு குரல் வந்தது.

"வணக்கம். இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெயர்களைச் சொன்னாள். சர்க்கரையைச் சொன்னாள், இதயத்தைச் சொன்னாள், கீரையைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் "பதிந்துகொண்டேன்" என்றது அது.

"கடைசிக் கேள்வி. நீங்கள் நெடுநாள் வெளியூர் செல்லும்போது நான் விழித்திருக்கவா, உறங்கவா?"

"தூங்கிக்கோ சாமி" என்றாள் மயிலாத்தாள். "மறந்தாப் பரவாயில்ல. நான் மொதல்ல இருந்து சொல்லித் தர்றேன்."