திரையில் விழுந்த குரல்

லிஃப்ட் ஓடாத கட்டிடத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றபோது அவளுக்கு அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. கணவனிடம் சொல்லலாமென்று திரும்பினாள். அவன் இன்னும் ஒரு மாடி கீழே, அவரிடம் வாங்கப்போகும் பழைய டிவியைச் சுற்றிக் கட்ட எடுத்து வந்த பழைய போர்வைகளோடு ஏறிக்கொண்டிருந்தான்.

"இதுக்குத்தான் கடைல வாங்கலாம்னு சொன்னேன். வீட்டுக்கே வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போவான்."

"இந்த விலைக்குக் கடைல ரிமோட்தாங்க குடுப்பான். பேசாம ஏறுங்க."

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; 'தள்ளுபடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆன்லைன் கூடையில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் இரண்டு நாள் விட்டால் கூப்பன் தானாகத் தேடி வரும் என்று கண்டுபிடித்தவள் அவள். சினிமா சேனல் சந்தாவை நிறுத்தப்போவதாக மிரட்டினால் மூன்று மாதம் சும்மா தருவார்கள் என்பதையும் கடையில் எல்லோருக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். இந்த டிவிக்காக மட்டும் பதினோரு நாள் தேடினாள். சுவரை அடைக்கிற பெரிய திரை, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாதது, சந்தாவில் இன்னும் ஏழு மாதம் பாக்கி. விலையைப் பார்த்ததும் ஏமாற்று விளம்பரம் என்றே நினைத்தாள்.

மெக்கானிக் கதவைத் திறந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முகம் மட்டும் ஐம்பதைத் தொட்டிருந்தது. அறைக்குள் கிருமிநாசினியும் பவுடரும் கலந்த வாடை. ஆஸ்பத்திரிக் கட்டில் உரசிய கோடு சுவரில் நீளமாகத் தெரிந்தது. கட்டில் இல்லை.

"யாருக்குக்கா டிவி?"

"எங்கப்பாவுக்குத் தம்பி. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு. பேச்சும் போயிருச்சு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பகல்ல தனியா இருக்காரு. ஒரு துணையா இருக்கட்டுமேன்னு."

போர்வையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார்.

"தனியாவா?"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் அவரே பேச்சை மாற்றினார். "எல்லாத்தையும் அழிச்சுட்டேன். புதுசு மாதிரிதான் இருக்கும். பேசினா தானே தேடற மைக் ஒண்ணு இருக்கு. அத மட்டும் அணைச்சு வச்சிருங்க."

"ஏன், ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்ல."

அவள் அணைக்கவில்லை. அப்பா முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்பு சொன்னவர். அவர் குரலைக் கேட்டுத்தான் ஊரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். அந்தத் தொண்டையிலிருந்து இப்போது காற்று மட்டுமே வந்தது. எந்தச் சத்தம் வந்தாலும் அதற்கு ஒரு பதில் கிடைக்கும்படி செய்யுங்கள், ஆசையில் பேச்சு வரலாம் என்று வாராவாரம் வரும் பேச்சுப் பயிற்சி அம்மா சொல்லியிருந்தார். பேசினால் பதில் சொல்கிற டிவி, வேறென்ன வேண்டும்? அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, மைக்கையும் போட்டுவிட்டாள். திரையின் ஓரத்தில் மிளகளவு பச்சை வெளிச்சம் எரிந்தது.

மூன்றாம் நாள் மதியம், அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டக் கடையிலிருந்து ஓடி வந்தாள். ஓடிக்கொண்டிருந்த படம் நின்றிருந்தது. திரையின் மேலே தேடும் கட்டத்தில் ஒரே ஒரு சொல்.

தண்ணி.

அதற்குக் கீழே நீச்சல் போட்டியும் கப்பல் மூழ்கும் படமும் ஆழ்கடல் மீன்களும் வரிசையாக நின்றன.

சாப்பாட்டுப் பாத்திரத்தை எங்கே வைத்தாள் என்றே அவளுக்கு நினைவில்லை. "அப்பா! நீங்களாப்பா சொன்னீங்க? தண்ணின்னு சொன்னீங்களா?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தலையை இடமும் வலமும் அசைத்தார். அசதி என்று அவள் நினைத்துக்கொண்டாள். கணவனுக்குப் போன் போட்டு, அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அன்று சாயங்காலம் அவன் தெருவுக்கே இனிப்பு வாங்கி வந்தான்.

மறுநாள் மதியம் வந்தபோது திரையில்: யாரு இருக்கீங்க.

அதற்கும் மறுநாள்: லைட்டு போடு கண்ணா.

ஜன்னல் வழியே வெயில் கட்டில்மேல் கொட்டிக் கிடந்தது. அப்பா அவளை எந்த நாளும் 'கண்ணா' என்றதில்லை. நோயில் வார்த்தை மாறும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை பேச்சுப் பயிற்சி அம்மா வந்தார். செய்தியைக் கேட்டுப் பூரித்துப்போய் அப்பாவின் தொண்டையில் இரண்டு விரலை வைத்து, "எங்க, ஆ சொல்லுங்க பார்ப்போம்" என்றார். பலமுறை முயன்றும் ஒன்றும் வரவில்லை.

"காத்துதாம்மா வருது. குரல் நாண் இன்னும் அசையவே இல்லையே. நீங்க எப்படி—"

பச்சை வெளிச்சம் துடித்தது.

அறையில் மூன்று பேர். மூன்று பேரும் வாய் மூடியிருந்தார்கள்.

திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

கண்ணா கதவச் சாத்தாதடா.

அந்த அம்மாவின் விரல்கள் இன்னும் அப்பாவின் தொண்டையில்தான் இருந்தன. தொண்டை அசையவில்லை. அவர் விரலை எடுத்தார். பையை எடுத்தார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

அப்பாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. அவள் ஒரே பெண்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அப்பா இடது கையை நீட்டி, பக்கத்து மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாக நகர்த்தினார். தன் பக்கமாக அல்ல. அந்த வெறும் இடத்தின் பக்கமாக. மேசை விளிம்புவரை தள்ளி, யாரோ எடுத்துக்கொள்வதற்காகக் காத்திருப்பதுபோலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஆமாம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை கண்ணை மூட அவள் அவருக்குப் பழக்கியிருந்தாள்.

"அப்பா," என்றாள் கிசுகிசுப்பாக. "இங்க யாராவது இருக்காங்களா?"

ஒருமுறை.

"பொம்பளையா?"

ஒருமுறை.

"நமக்குத் தெரிஞ்சவங்களாப்பா?"

இருமுறை.

பயம் வர வேண்டிய நேரத்தில் அவளுக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. அப்படியென்றால் அப்பா பேசவேயில்லை. ஒரு சொல்கூட. அந்த இனிப்பு, அந்தப் போன், நான்கு நாளாக அவள் தூங்கி எழுந்த சந்தோஷம், எல்லாமே யாரோ ஒருத்தியின் தாகத்துக்குக் கொண்டாடியது.

மெக்கானிக் மறுநாள் மதியம் வந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். உள்ளங்கையில் கிரீஸ் காயவில்லை. அவள் போனில் அந்த நான்கு வரிகளைத்தான் சொல்லியிருந்தாள். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. உள்ளே வந்தவர் டிவியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"எங்கம்மாக்கா. இடுப்பொடிஞ்சு எட்டு மாசம் படுக்கைல கெடந்தாங்க. நான் கிளம்பறப்ப டிவியப் போட்டுட்டுப் போவேன். பேச்சுத் துணைக்கு. மத்தியானம் வந்து பார்த்துக்குவேன்."

கணவன் நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"அன்னிக்கு ஒரு லிஃப்ட்ல ஆறு பேர் மாட்டிக்கிட்டாங்க. அதுல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு. வெளிய எடுக்கச் சாயங்காலம் ஆயிருச்சு. எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சுக் கைதட்டினாங்கக்கா. நானும் சிரிச்சிட்டு நின்னேன்." அவர் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தார். "வீட்டுக்கு வந்தா அம்மா இல்ல. உடம்புதான் இருந்துச்சு. டிவில தேடின லிஸ்ட் நின்னுச்சு. பேசினதெல்லாம் அதுல பதிஞ்சிருந்துச்சு. தண்ணி. தண்ணி. யாரு இருக்கீங்க. கண்ணு இருட்டியிருக்கும் போல, லைட்டு போடு. மேல தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு."

"கதவு..." என்றாள் அவள்.

"அதுதான் கடைசி. எப்பவும் தொறந்து வச்சுட்டுதான் போவேன். கூப்பிட்டா எதிர்வீட்டுல கேக்கும். அன்னிக்கு அவசரத்துல சாத்திட்டுப் போயிட்டேன்."

வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை.

கடைசியில் அவர் டிவி முன்னால் போய் நின்றார். முப்பது வயது ஆளின் குரல் அல்ல, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் குரல் வந்தது.

"அம்மா."

திரையில் விழுந்தது: அம்மா. கீழே தாய்ப்பாசப் படங்கள் பத்துப் பன்னிரண்டு. சற்று நேரத்தில் எல்லாம் மறைந்து, கட்டம் வெறுமையானது.

அப்பாவின் கண் அந்த வெறும் இடத்திலிருந்து மெதுவாக நகர்ந்தது. மெக்கானிக்கின் பக்கத்தில் வந்து நின்றது.

பச்சை வெளிச்சம் துடித்தது.

சாப்டியா.

அவ்வளவுதான். அவர் தரையில் உட்கார்ந்தார். "சாப்ட்டேம்மா," என்றார். "சாப்ட்டேன். மன்னிச்சிரும்மா." அவர் சொன்னது அப்படியே திரையில் ஏறியது. அதற்குப் பதில் எதுவும் வரவில்லை. வாய்விட்டு அழுத அழுகையைத் திரையால் எழுத முடியவில்லை. 'மீண்டும் சொல்லவும்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"அக்கா, இத எனக்கே திருப்பிக் குடுத்துருங்க. விக்கவே கூடாது. தப்புப் பண்ணிட்டேன். இனிமே பக்கத்துலயே இருந்துக்கறேன்."

மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சுவரிலிருந்து டிவியைக் கழற்றியபோது அப்பா இடது கையால் கட்டில் கம்பியை அடித்தார். கண்ணை இறுக இறுக மூடித் திறந்தார். இருமுறை. மறுபடி இருமுறை. மறுபடியும்.

"ஒண்ணும் இல்லப்பா, போயிருவாங்க. பயப்படாதீங்க," என்று நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

அவள் வேறொரு டிவி தேடவில்லை. ஒரு வாரம் அரைநாள் விடுப்பு கேட்டு வாங்கினாள். மதியம் முழுக்க அப்பாவோடு இருந்தாள். கடையில் யாரோ ஏதோ ஆஃபரைக் காட்டியபோது பார்க்காமல் நகர்ந்துபோனாள்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போன் வந்தது.

"அக்கா." குரலை அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஒண்ணும் வரலக்கா. வேலைக்குப் போகாம முன்னாலயே உக்காந்திருக்கேன். மைக் லைட்டு எரியுது. நான் பேசறது மட்டும்தான் வருது. சாப்ட்டேன்னு சொல்றேன், சாப்பிடலன்னு சொல்றேன், திட்டக்கூட மாட்டேங்கறாங்க."

"தம்பி, அழாதீங்க..."

"அங்க... அங்க ஏதாவது இருக்காக்கா?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் நான்கு ஆணித்துளை. ஜன்னல். வெயில். "இல்ல தம்பி. இங்க ஒண்ணும் இல்ல. அமைதியா இருக்கு."

"அப்ப எங்கக்கா போனாங்க?" என்றார்.

போனைக் காதில் வைத்தபடியே அப்பாவின் பக்கம் திரும்பினாள். அப்பா விழித்திருந்தார். அவர் முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு நிம்மதி. கண் எதிர்ச்சுவரில் இல்லை. கட்டிலின் வலது ஓரத்தில், மிக அருகில், உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கிற உயரத்தில் நின்றது.

போர்வைக்கு வெளியே அவருடைய வலது கை ஒருக்களித்துக் கிடந்தது. எத்தனை எண்ணெய் போட்டு நீவியும் விரல் பிரியாமல் முஷ்டியாகவே இறுகிப்போன கை.

அது விரிந்திருந்தது.

புறங்கைத் தோலில் வரிசையாக நான்கு சின்னப் பள்ளங்கள். அழுந்திய இடத்தில் ரத்தம் ஒதுங்கி வெளுத்திருந்தது. படுத்த அடையாளம் என்று நினைத்து அவள் குனிந்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளங்கையின் நடுவில், கட்டை விரல் அளவுக்கு, ஐந்தாவது பள்ளம் மெதுவாக அழுந்தியது.