இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

விடிவதற்குள் ஹேமாவதி மொட்டை மாடிக்கு வந்துவிட்டாள். கையில் பிழிந்த போர்வை ஒன்று, கைலி இரண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எதிர்வீட்டு ஜன்னலுக்குத் தெரியாத மூலையில் கொடி கட்டி வைத்திருந்தாள். அதில் அவசர அவசரமாக உதறிப் போட்டாள். எட்டு மாதமாக இதே வேலை. ஒரு நாள் தவறினாலும் யாராவது கேட்பார்கள். கேட்டால் பொய் சொல்ல வேண்டும். பொய் சொல்வது அவளுக்கு வராத காரியம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இட்லிப் பானையை இறக்குவதற்குள் வானகரத்திலிருந்து நாத்தனார் மோகனப்பிரியா வந்து இறங்கிவிட்டாள். இடுப்பில் அஞ்சு வயது மகள் ரேஷ்மா. கையில் டூர் கம்பெனிக்காரன் கொடுத்த வழவழப்புப் புத்தகம். அந்தப் புத்தகத்தில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கால் வீங்கிய கிழவனை எந்த டூர்க்காரனும் படம் எடுத்துப் போடுவதில்லை.

“அண்ணி, முடிவு பண்ணீங்களா இல்லையா? ஆஸ்திரேலியாவா, சுவிஸ்ஸா? சீட்டு தீந்துடும்னு அவன் ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டான்!”

“சுவிஸ்தான் அத்த. பனியப் பாக்காம நான் வேலைக்குப் போவமாட்டேன்” என்றாள் காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற கார்த்திகா, ஹேமாவதியின் ஒரே மகள்.

“கங்காரு!” என்று கத்தினாள் ரேஷ்மா.

ஹேமாவதியின் புருஷன் கோபி சிரித்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் முடித்ததற்கு ஒரு மாத லீவு கிடைத்திருந்தது. பெற்ற தாயை விமானத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தான். அவள் அதற்கு முன்னாலேயே போய்விட்டாள். தகப்பனையாவது ஏற்றிவிட வேண்டும் என்று துடித்தான்.

“நைனா, நீ சொல்லு. உனக்கு எங்க போவணும்?”

கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வீரராகவன். எழுபத்தாறு வயது.

“எங்க இட்டுகினு போனா இன்னாடா? சோறு கெடச்சா சரி” என்றார். குரல் பழைய மாதிரி கணீரென்றுதான் வந்தது. பேப்பர் நடுங்கியது. அதை ஹேமாவதி மட்டும் பார்த்தாள்.

“ஆஸ்திரேலியா ரொம்ப தூரங்க…” என்றாள் மெல்ல. “பிளேன்லயே பதினாலு, பதினஞ்சு மணி நேரம். மாமாவால முடியாது.”

“அப்போ சுவிஸ்ஸு.”

“அங்க குளிரு. மாமாவுக்கு ஆவாது.”

“கனடா?”

“அது இன்னும் தூரங்க…”

மோகனப்பிரியா புத்தகத்தை டப்பென்று மூடினாள். “சரி அண்ணி, செங்குன்றம் போலாமா? ஏரி கீது, காத்து கீது. ஆட்டோலயே போயிடலாம். அதுவும் தூரமா?”

கார்த்திகா களுக்கென்று சிரித்தாள். கோபி சிரிக்கவில்லை.

“நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் மாமாவப் பாத்துக்கினு ஊட்லயே கீறேன்…”

“நைனாவ இட்டுகினு போவத்தான்டி இந்தப் பயணமே! அவர உட்டுட்டு யாருக்கு வேணும் கங்காரு?”

“உனக்கு இன்னும் புரியலியாண்ணா?” மோகனப்பிரியாவின் குரல் உடைந்தது. “எங்க நைனா கூட ஒரு மாசம் சுத்தறது அண்ணிக்குப் புடிக்கல. எட்டு மாசமா நானும் பாக்குறேன். கல்யாணத்துக்குக் கூப்ட்டா அவரால முடியாதுன்னு சொல்றாங்க. காதுகுத்துக்குக் கூப்ட்டா தூங்கறாருன்னு சொல்றாங்க. எங்க ஊட்டுக்கு அவரு வந்து எத்தினி நாளாச்சு! பெத்த அப்பன எங்கிட்ட காட்டவே மாட்டேங்கறாங்க!”

“ஐயோ, அப்படிச் சொல்லாத மோகனா…”

ஹேமாவதி மாமனாரைப் பார்த்தாள். பேப்பர் இறங்கவில்லை.

போன ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அவருக்குக் காபி கொண்டுபோனவள், நனைந்த படுக்கையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்துவிட்டாள். நாற்பது வருஷம் லேத் மிஷினில் நின்ற உடம்பு. சிறுநீர் அடங்காமல் போய்விட்டது. டாக்டரிடம் போகலாம் என்றாள். “போனா கத்தியத்தான் எடுப்பான். எவனையும் நம்ப மாட்டேன்” என்று சீறினார். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “கோபிக்குத் தெரிஞ்சா நான் இந்த ஊட்ல இருக்க மாட்டேன்மா. எங்கயாச்சும் போயிடுவேன். தேடுனாலும் கெடைக்க மாட்டேன். உம் பொண்ணு மேல சத்தியம் பண்ணு!” பண்ணிவிட்டாள்.

“பேச்சு போதும்” என்று எழுந்தான் கோபி. “எல்லையம்மன்கிட்ட பூக் கேட்டுடலாம். போவச் சொன்னா நைனாவோட எல்லாரும் போறோம். வேணாம்னா இந்தப் பேச்ச இத்தோட உட்டுடறேன்.”

திருமுல்லைவாயிலில் அவர்கள் குடும்பம் ஏர் பிடித்த நாளிலிருந்து இந்தப் பழக்கம் உண்டு. கல்யாணமோ, கிணறோ, நிலம் விற்பதோ, தெருக்கோடி எல்லையம்மனைக் கேட்காமல் செய்ததில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வீட்டு மருமகள் தனியாகப் போய் வாழை இலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பாள். குழந்தை ஒன்று எடுக்கும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் நில். மருமகளை யாரும் சோதிப்பதில்லை. அம்மன் முன்னால் எவள் பொய் கட்டுவாள்?

ஹேமாவதி கட்டினாள்.

கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் நின்று, நந்தியாவட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு இலையிலும் செவ்வரளியை வைத்தாள். அவசரத்தில் நார் இரண்டு முறை அறுந்தது. ‘தாயே, தண்டனையை எனக்கு மட்டும் குடு. என் பொண்ணை ஒண்ணும் செய்யாதே’ என்று முணுமுணுத்தாள்.

பூசாரி வேலுசாமி கற்பூரம் காட்டினார். ரேஷ்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தார்கள். சிவப்பு.

கோபி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் தகப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் கங்காரு போய்விட்ட துக்கம் ரேஷ்மாவுக்குத் தாங்கவில்லை. எல்லாரும் திரும்பிய நேரத்தில் இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துவிட்டாள்.

“நான் வெள்ளைய மாத்தி எடுத்துக்கறேன்… அம்மா! இதுலயும் செவப்புதாம்மா கீது!”

கோயிலில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அன்னம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“அடிப்பாவி!” மோகனப்பிரியா அலறினாள். “அம்மனையே ஏமாத்திட்டியே! எங்க நைனா மேல உனக்கு அவ்ளோ வெறுப்பா?”

ஹேமாவதி மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை! அவர் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னா பண்ணி வெச்சிருக்க?” கோபியின் குரல் ரொம்பத் தாழ்ந்து வந்தது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். “இருவத்திரெண்டு வருஷம் உங்கூட குடுத்தனம் பண்ணிகினு கீறேன். நீ பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. அதுவும் இங்கயா? போயிடு ஹேமா. பட்டாபிராமுக்கு, உங்கம்மா ஊட்டுக்குப் போயிடு.”

மதியம் யாரும் சாப்பிடவில்லை. ஹேமாவதி ஒரு பையில் நாலு புடவையை எடுத்து வைத்தாள். கார்த்திகா அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். ஹேமாவதி வாசற்படியில் நின்று புருஷனைக் கூப்பிட்டாள்.

“ஆறு மணிக்கு மேல மாமாவுக்குக் காபி குடுக்காதீங்க. கேட்டாலும் குடுக்காதீங்க. அவரு ரூம்ல எப்பவும் ஒரு லைட்டு எரியணும். பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பா போட உடாதீங்க… பீரோ கீழ்த்தட்டுல நீலத் துணி சுத்தி ஒரு கட்டு கீது. அத அவரு கையிலயே குடுத்துடுங்க. நீங்க பிரிக்காதீங்க.”

“இன்னா கட்டு அது?”

“பிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல…” அவள் படியிறங்கக் காலை வைத்தாள்.

“நில்லும்மா!”

அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு வீரராகவன் நின்றார். கைலி முன்பக்கம் நனைந்திருந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

“நல்லாப் பாத்துக்கடா கோபி. மோகனா, நீயும் பாரு. இதான் உங்கப்பன். எட்டு மாசமா ஒண்ணுக்கு அடங்க மாட்டேங்குது. படுத்த எடத்துல போவுது, ஒக்காந்த எடத்துல போவுது. அந்தக் கட்டுல கீறது எனக்குக் கட்டற டயாப்பரு. தெனம் நீங்க எந்திரிக்கறதுக்குள்ள இவ என் துணிய அலசிப் போட்டுகினு கீறா. நான்தான் சொல்லாதன்னேன். பொண்ணு மேல சத்தியம் வாங்கினேன்.”

“நைனா…”

“இருடா, முடிச்சிடறேன்! கோயில்ல அத்தினி பேருக்கு நடுவுல இவள நீ போன்னு சொன்ன. நான் வாயத் தொறந்தனா? தொறக்கல. எம் மானம் போவக்கூடாதுன்னு கல்லு மாதிரி ஒக்காந்துகினு இருந்தேன். மருமவ குடும்பம் போனா போவட்டும்னு! அந்த அம்மன் எனக்குத்தான்டா கூலி குடுக்கணும். இவளுக்கு இல்ல.”

மோகனப்பிரியா ஓடிவந்து ஹேமாவதியின் காலைக் கட்டிக்கொண்டாள். “அண்ணி! எங்கப்பன் துணிய நான் ஒரு நாளு தொட்டதில்லையே அண்ணி! உங்களப் போயி…” ஹேமாவதி குனிந்து அவளைத் தூக்கினாள். தூக்கினாளே தவிர, அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

கோபி வந்து பையைப் பிடித்தான். “எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாமே…”

“சொன்னா மாமா ஊட்ட உட்டுப் போயிடுவேன்னாரு. அவரு செய்வாரு. உங்களுக்குத் தெரியாதா?”

“பையக் குடு ஹேமா.”

“குடுக்கறேன்.” அவள் பிடியை விடவில்லை. “காலைலேந்து எங்க போவணும்னு எல்லாரையும் கேட்டீங்க. அஞ்சு வயசுக் கொழந்தையக் கேட்டீங்க. என்னை இன்னும் ஒருத்தரும் கேக்கல.”

கோபி பையை விட்டுவிட்டுக் கேட்டான். “உனக்கு… எங்க போவணும் ஹேமா?”

“லண்டன்” என்றாள் சட்டென்று. “மொதல்ல துபாய், நாலு மணி நேரம். அங்க ரெண்டு நாள் தங்கணும். மாமாவுக்குக் கால் வீக்கம் வடியட்டும். அப்புறம் ஏழு, ஏழரை மணி நேரம். பாத்ரூம் பக்கத்துல ஓரச் சீட்டு கேக்கணும். ஜூலையில குளிரு இல்ல. கார்த்திகாவுக்குப் பனி கெடைக்காது, போவட்டும். தெனம் மத்தியானத்துல எல்லாத்தையும் போன்ல பாத்துக்கினே இருந்தேங்க. சொன்னா, பாத்ரூம் பக்கத்துல ஏன் சீட்டுன்னு கேப்பீங்களே… அதான் சொல்லல.” மாமனார் பக்கம் திரும்பினாள். “அதுக்கு முன்னாடி மாமா டாக்டரப் பாக்கணும். மாட்டேன்னா நானும் எங்கயும் வரல.”

“கத்தி வெப்பானே…”

“வெச்சா வெக்கட்டும். நான் கூட கீறேன்.”

கிழவர் குனிந்து தன் நனைந்த கைலியைப் பார்த்தார். பிறகு “வரேன்” என்றார். டாக்டரிடம் வருகிறாரா, லண்டனுக்கு வருகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

பை அவள் கையிலிருந்து கோபி கைக்குப் போனது.

“இப்பவே போயி அந்த அன்னம்மா மூஞ்சியில எல்லாத்தையும் சொல்லிட்டு வரேன்!” என்று கிளம்பினாள் மோகனப்பிரியா. ஹேமாவதி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம். மாமா விஷயம் இந்த ஊட்டோட நிக்கட்டும். தெருவுக்கு நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன்.”

வீரராகவன் உள்ளே போனார். வேட்டி மாற்றிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். யாரிடமும் சொல்லாமல் தெருவில் இறங்கினார். எதிர்வீட்டு வாசலில் அன்னம்மாளைச் சுற்றி நாலு பொம்பிளைகள். காலையில் நடந்த கதைதான் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கிழவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“இன்னா அன்னம்மா, எம் மருமவளப் பத்தித்தானே பேசிகினு கீற? நல்லாக் கேட்டுக்க. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு வெக்கச் சொன்னது நான். பிளேனுன்னா எனக்குப் பயம். மேல ஏறினா வயிறு கலங்கிடும்னு பயம். புள்ளைகிட்ட சொல்ல வெக்கப்பட்டுகினு இவளப் புடிச்சு பொய் கட்ட வெச்சேன். பாவம் எனக்கு, அவளுக்கில்ல!”

பொம்பிளைகளில் ஒருத்தி சிரித்தாள். “இன்னா பெரியவரே! இந்த மீசைய வெச்சிகினு பிளேனுக்கா பயந்த?” என்றாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தெருவே சிரித்தது. ஆயுளில் ஒருத்தனையும் தன்னைப் பார்த்துச் சிரிக்க விடாத மனுஷன், நடுத்தெருவில் வெயிலில் அசையாமல் நின்று அவ்வளவையும் வாங்கிக்கொண்டார்.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹேமாவதி, எட்டு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.