குழிவரைக்கும் போன கால்தடம்

கடலோரத்துக் கடைசிக் குழியருகே, அவளுக்கு முன்னால் யாரோ நடந்திருந்தார்கள்.

அப்படி நடக்க வழியே இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் பழையதான அந்தக் கோல்ஃப் மைதானத்தில், விடிந்ததும் முதலில் கால் வைப்பவள் அவள்தான். ஆட்டக்காரர்கள் வருவதற்குள் பந்து விழும் குழியில் நட்ட கொடியைப் பிடுங்கி, அந்தப் பழைய குழியை மண்ணால் அடைத்து, வேறோர் இடத்தில் புதுக் குழி வெட்டுவது அவள் வேலை. ஒட்ட நறுக்கிய புல்மேல் பனி எப்போதும் வெள்ளைத் துணி விரித்தாற்போல் மடிப்பில்லாமல் கிடக்கும். இன்று அதன் நடுவே கரும்பச்சையாக ஒரு தடம். வெறுங்கால். மணல்மேட்டு ஓரம் கட்டியிருந்த கயிற்றடியில் தொடங்கி, நேராகக் குழிக்கு வந்து, அங்கேயே முடிந்துவிட்டது. திரும்பிப் போன தடம் இல்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட இடம். மணலும் நாணலும் பறவைகளும்தான். மனிதர் போகக் கூடாது. சில வாரங்களுக்கு முன், காற்று பிய்த்துக்கொண்டு போன ஒரு கொடியை எடுக்க, இங்கேயே வேலை பார்த்த அவளுடைய தம்பி அங்கே போனான். மேடு சரிந்து அவனை மூடியது. கொஞ்ச நாள் தோண்டினார்கள், உடம்பு கிடைக்கவில்லை. அதற்குள் பறவைகள் முட்டையிட வந்து இறங்கிவிட, அதிகாரிகள் மண்வெட்டிகளை நிறுத்தச் சொன்னார்கள். சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். அழுகை வரவில்லை. பசியும் வருவதில்லை, தட்டு வைத்தால் சாப்பிட்டாள்.

தடத்தைப் பற்றி மேஸ்திரியிடம் சொன்னாள்.

"நரியா இருக்கும்மா."

"நரிக்கு மனுஷப் பாதமா சார்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "கொஞ்ச நாள் லீவு போட்டுட்டு வீட்ல படும்மா. நான் சமாளிச்சுக்கறேன்."

அதற்கும் தலையாட்டிவிட்டு, புதுக் குழியை எதிர்மூலையில் வெட்டினாள். மறுநாள் தடம் எதிர்மூலைக்குப் போயிருந்தது. குழியை எங்கே மாற்றினாலும் அது வளையாமல் நெளியாமல் அங்கேயே போனது. பயப்பட வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. மரத்துப்போன ஈறில் நாக்கை வைத்து அழுத்துவதுபோல அவள் அந்தத் தடத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி மனைவி அவளோடுதான் இருந்தாள். கிளப் சமையலறையில் காய் நறுக்குபவள், வாய் ஓயாதவள். "பேயறைஞ்ச மாதிரி தினம் வர்றீங்க. கேட்டா ஒண்ணுமில்லைங்கறீங்க. அப்படி அங்க என்னதான் அண்ணி இருக்கு?" என்று ஒரு நாள் விடியலில் பின்னாலேயே வந்துவிட்டாள்.

அன்று கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து, அழுகிய பாசியும் பறவை எச்சமும் கலந்த ஈர வாடையோடு மைதானம் முழுவதையும் போர்த்தியிருந்தது. வழக்கமாகக் காது கிழியக் கத்தும் பறவைகள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அலைச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல், காலுக்கடியில் புரள்வதுபோல் கேட்டது. புல்மேல் பனி சுத்தமாக இருந்தது. தடம் இல்லை.

முந்தின நாளின் தடங்களில் ஒன்று மட்டும் குழியோரத்து மண்ணில் பதிந்து காய்ந்திருந்தது. தம்பி மனைவி குனிந்தாள். கட்டைவிரல்மேல் அடுத்த விரல் ஏறிக் கிடந்தது.

"அண்ணி. இது அவரு கால்."

தம்பி மனைவி மண்டியிட்டாள். கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழிக்குள் கைவிட்டாள். ஒரு சாண்கூட ஆழமில்லாத குழி. முந்தாநாள் அண்ணி தன் கையாலேயே வெட்டியது, நேற்று மாற்றவில்லை. மணிக்கட்டு இறங்கியது. முழங்கை இறங்கியது. தோள் புல்லில் முட்டியது.

"உள்ள இருக்காரு அண்ணி!" அவள் கன்னத்தைப் புல்லில் வைத்துச் சிரித்தாள். "கையப் பிடிச்சிட்டாரு. எவ்ளோ சில்லுனு இருக்கு பாவம். ஏங்க, நான்தாங்க..."

சிரிப்பு நின்றது.

"என்னம்மா?"

"அண்ணி..." குரல் இறங்கிவிட்டது. "இது அவரு கை இல்ல."

அவள் விழுந்து தம்பி மனைவியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இழுத்தாள். உள்ளேயிருந்து இழுத்ததற்கு அவசரமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக. கழுத்து திரும்பியது. காது குழியின் விளிம்பில் ஒட்டியது.

"விடாதீங்க அண்ணி. விட்டுராதீங்க."

"இல்லம்மா. விடமாட்டேன்."

அப்போதுதான் மணல்மேட்டு ஓரத்துக் கயிறு ஆடியது.

கயிற்றடியில் பனி அமுங்கியது. கரும்பச்சையாக ஒரு பாதம். யாரும் இல்லை. இன்னொரு பாதம். இன்னொன்று. கட்டைவிரல்மேல் விரல் ஏறிய பாதம். வேலைக்கு வருகிறவனின் நடை. ஓடவில்லை.

"தம்பி," என்றாள். "டேய். கை கொடுடா."

தடம் அவள் முழங்காலருகே வந்து நின்றது. இரண்டு பாதங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. விரல்கள் குழியைப் பார்த்தபடி. கை எதுவும் நீளவில்லை. அவள் கட்டிப் பிடித்திருந்த உடம்பு இன்னும் ஓர் அங்குலம் போனது. பாதங்கள் நகரவில்லை. குழிக்குள் இறங்க வரிசையில் தன் முறைக்கு நிற்பவனைப்போல அவை நின்றுகொண்டிருந்தன.