வடிகட்டி இல்லாத கூடு

மோட்டார் நின்றுவிட்டது, அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் மட்டும் நிற்கவில்லை. மேல் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே அணையும், முள்ளும் பூஜ்ஜியத்தில் படுத்துவிடும். இப்போதோ அது நிதானமாக ஏறுகிறது, இறங்குகிறது, சற்று ஓய்ந்து மறுபடி ஏறுகிறது. தூங்குகிறவரின் நெஞ்சு போல.

மருத்துவமனையின் அடித்தளத்தில், டயாலிசிஸுக்கு நீர் சுத்திகரிக்கும் அறையில், ஆபரேட்டர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சனியன், மீட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. காலையில் செய்த காரியம் உறுத்தியது. மழையில் கலங்கிய நீர் சேறாய் வந்து, நீரைக் கடைசியாகச் சுத்தமாக்கும் மெல்லிய சவ்வுக்கு முன்னால் அழுக்கைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியை அடைத்துவிட்டது. மாற்று வடிகட்டி கைவசம் இல்லை. மாடியில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைந்து கிடப்பவளோ அவர் மனைவி. நீரை நிறுத்த மனம் வருமா? வடிகட்டியைக் கழற்றிப் போட்டார். வடிகட்டி இருந்த வெறும் கூட்டை மூடி, கலங்கலை அப்படியே சவ்வுக்கு விட்டார். இன்று ஒரு நாள்தானே, என்ன குடியா முழுகிவிடப் போகிறது?

அறையில் ஒரு வாடை பரவியது. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்தப் பாசி வாடை. குழாய்களுக்குள் ஏதோ வழுக்கி நகரும் சத்தம் எங்கோ கேட்டது, நின்றது, மறுபடி அவர் காலருகே கேட்டது. சவ்வுக் குழாயில் உள்ளங்கையை வைத்தார். எப்போதும் சில்லென்றிருக்கும். இன்று சுட்டது.

பதறிப்போய் இன்டர்காமை எடுத்தார்.

"சிஸ்டர், அவ எப்படி இருக்கா?"

"அண்ணி அசந்து தூங்குறாங்கண்ணே. நீங்க உங்க மோட்டாரைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று சிரித்தாள் நர்ஸ்.

"மூச்சு எப்படி வருதுன்னு பாத்துச் சொல்லும்மா."

"இதோ இழுக்குறாங்க. இப்ப விடுறாங்க. மறுபடி இழுக்குறாங்க... என்னண்ணே விளையாட்டு இது?"

முள் ஏறியது. இறங்கியது. ஏறியது.

இந்தத் தண்ணீர் அவளிடம் போகக்கூடாது. மாடிக்குப் போகும் குழாயின் வால்வை இறுக மூடினார். முள் சரிந்து படுத்தது. அப்பாடா.

"அண்ணே! அண்ணிக்கு மூச்சு இல்ல! டாக்டர்! டாக்டர்!"

ஐயோ. வால்வைத் திருப்பினார். கை வழுக்கியது. திருப்பினார். முள் துடித்து எழுந்தது.

"வந்துடுச்சு... மூச்சு வந்துடுச்சுண்ணே. கண்ணு முழிச்சிட்டாங்க. ஏதோ பேசுறாங்க. உதடு அசையுது, சத்தம்தான் வரல."

சத்தம் இங்கே வந்தது. அவர் முழங்காலருகே, வெறும் கூட்டுக்குள்ளிருந்து, அவள் குரலில்.

"ஏங்க, இனிமே மூடாதீங்க."

வால்வைப் பிடித்த கையை அவரால் எடுக்க முடியவில்லை. கூட்டின் மூடி, உள்ளிருந்து, மெல்லத் திருகித் திறந்துகொண்டிருந்தது.