வெள்ளைமூக்கிக்கு விலை கேட்டவன்

லாரி பன்னிரண்டு மணிக்கு வரும். ரவ்னா பட்டிக்கு வந்தபோது எட்டு பத்து.

கசாப்புக்குப் போகும் கலைமான்களை அடைத்திருந்த பக்கத்தில் அவளுடைய வெள்ளைமூக்கி நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. அந்தப் பட்டியில் முடி வெட்டிய மான் என்றால் லாரிக்கு என்று அர்த்தம்.

"யாரு வெட்டினது?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் முழங்காலிட்டு ரத்தக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"யோவ்! எழுந்திருய்யா!"

எழுந்தான். நல்ல உயரம். இமைகளில் பனி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே கடல் நிறத்தில் இரண்டு கண்கள்... அதைக் கவனித்த தன்மேலேயே ரவ்னாவுக்கு எரிச்சல் வந்தது.

"நரம்பு தெரியலைங்க. அதான் கொஞ்சம் மழிச்சேன்."

"கொஞ்சமா? இங்க இது மரண ஓலை. தெரியுமா?"

"தெரியாதுங்க. நான் கடற்கரை ஆளு. பேரு ஐலு. மிருக டாக்டர். சினை பார்க்க வந்தேன்."

"மீன்காரரா! அதான் பார்த்தேன்."

மந்தையை நடத்தும் அண்ணன் மிக்கால் அதற்குள் வந்துவிட்டான்.

"எதுக்குக் கத்துற? எப்படியும் அது போக வேண்டியதுதான். ஒரு கொம்பு விழுந்துடுச்சு. சினை மான் கன்னு போடுற வரைக்கும் கொம்பை விடுமா? இந்த வருஷம் மேய்ச்சல் கம்மி. மலடுக்கெல்லாம் தீனி கிடையாது."

"விழலைண்ணே, ஒடிஞ்சது! அடியைப் பாருங்க, சிம்பு சிம்பா நிக்குது."

தன் சொத்து என்று ரவ்னா காதில் அடையாளம் வெட்டிய முதல் கன்று அது. ஏப்ரலில் மந்தை உறைந்த ஆற்றைக் கடக்கும்போது முதலில் கால் வைப்பதும் அதுதான். அதையெல்லாம் சொன்னால் கெஞ்சுவது போல இருக்கும். அவள் கெஞ்சமாட்டாள்.

"ரத்தம் சொல்லிடும்ங்க," என்றான் ஐலு.

பட்டியை ஒட்டிய குடிசையில் ஒரு சின்ன இயந்திரம் வைத்திருந்தான். இருபது நிமிடத்தில் வெளியே வந்தான்.

"ஹார்மோன் நல்லா ஏறியிருக்கு."

"கேட்டீங்களாண்ணே?"

"ஆனா..."

"என்ன ஆனா?"

"சினைன்னா இப்படி ஏறியே நிக்கும். சினை இல்லாத மானுக்கும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். ஏறின நாள்ல எடுத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணும்."

"முதல்ல சொன்னதோட வாயை மூடியிருக்கலாம்ல?"

"அது பொய்யாயிடும்ங்க."

மிக்கால் சிரித்தான். "பத்து நாள். அடுத்த லாரி வரைக்கும். ஹார்மோன் இறங்கியிருந்தா லாரியில ஏத்திடுவேன். அப்புறம் பேச்சு கிடையாது. சரியா?"

"சரி."

அந்தப் பத்து நாளில் ஐலு மூன்று முறை போன் செய்தான்.

"மான் சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

"நீங்க?"

வெடுக்கென்று வைத்துவிட்டாள். பிறகு கைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடுப்பு யார்மேல் என்றுதான் தெரியவில்லை...

பத்தாம் நாள் ஊசி ஊசியாகப் பனி பெய்தது. அவள் மானின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, அவன் ரத்தம் எடுத்தான். ஒரே ரோமத்துக்குள் அவள் விரலும் அவன் விரலும். இருவரும் தூரத்து மலையைப் பார்த்தார்கள்.

மறுபடி இருபது நிமிடம். அவன் முகமே சொல்லிவிட்டது.

"இறங்கிடுச்சுங்க. சினை இல்லை."

"கொம்பு ஒடிஞ்சதுதானே?"

"ஒடிஞ்சதுதான். நீங்க சொன்னது சரி. ஆனா..."

"இன்னொரு ஆனா சொன்னீங்க, உங்களையும் லாரியில ஏத்திடுவேன்!"

"இது நல்ல ஆனாங்க. ஏறி இறங்குதுன்னா உள்ளே எல்லாம் ஒழுங்கா நடக்குது. மலடு இல்லை. மெலிஞ்சிருக்கு, அவ்வளவுதான். உடம்பு தேறினா வர்ற அக்டோபர்ல சினை பிடிச்சுடும்."

"அக்டோபர் வரைக்கும் யாரு தீனி போடுறது? உங்க ஹார்மோனா?" என்றான் மிக்கால். லாரி பின்பக்கமாக வந்து நின்றது. அவன் மானின் கயிற்றை வாங்கிக்கொண்டான்.

ரவ்னா வாக்கு கொடுத்தாயிற்று. கண் எரிந்தது. பனி என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் வாங்கிக்கிறேன்," என்றான் ஐலு. "உயிரோட. உங்க மந்தையிலேயே நிக்கட்டும். தீனி என் பொறுப்பு. என்ன விலை?"

பட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லாரிக்காரன் வாயிலிருந்த சிகரெட்டைக் கையில் எடுத்தான்.

"தம்பி," என்றான் மிக்கால் நிதானமாக. "காதுல வெட்ட உனக்குன்னு அடையாளம் இருக்கா?"

"இல்லைங்க."

"அடையாளம் இல்லாதவன் இங்க மான் வெச்சுக்க முடியாது. வெளியாளுக்கு அடையாளம் கிடைக்கணும்னா இந்த வீட்டுப் பொண்ணைக் கட்டணும். உங்க மந்தையிலேயே நிக்கட்டும்னு ஒருத்தன் விலை கேட்டா, இங்க யாரும் அவன் மானைக் கேக்குறான்னு நினைக்க மாட்டாங்க."

ஐலுவின் காது மடல் சிவந்துபோனது.

"ஐயோ!" ரவ்னா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர் வழக்கத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வாயைத் திறக்கக் கூடாதா? இத்தனை பேர் முன்னாடி! சொல்லுங்க, தெரிஞ்சு கேட்டீங்களா, தெரியாம கேட்டீங்களா?"

கேட்ட பிறகுதான் பயம் வந்தது. இவன் பொய் சொல்லமாட்டானே...

"தெரியாமத்தான் கேட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப தெரிஞ்சுடுச்சு," என்றான். "தெரிஞ்சும், சொன்னதைத் திருப்பி எடுத்துக்கத் தோணலைங்க. மான் சாப்பிடுதான்னு கேக்கவா மூணு தடவை போன் பண்ணினேன்? எனக்கே இப்பதான் புரியுது. உங்களைப் பிடிச்சிருக்கு. திட்டினாலும் பிடிச்சிருக்கு."

ரவ்னா திட்டத்தான் வாயைத் திறந்தாள். அவன் இமையில் பனி விழுந்து உருகிக்கொண்டிருந்தது. இந்த ஆளோடு காலம் முழுக்கத் தலைவலிதான் என்று தோன்றியது. காலம் முழுக்க என்று ஏன் தோன்றியது என்று அடுத்த நொடி திடுக்கிட்டாள்.

லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். மிக்கால் கயிற்றைப் பிடித்தபடி தங்கையையே பார்த்தான்.

"வண்டி கிளம்பணுமாம். மானை ஏத்தட்டுமா, இல்ல இந்தத் தம்பிக்கே விலை பேசட்டுமா? வாயைத் திறந்து நீயே சொல்லு, ரவ்னா."