குனிய மறுத்த கழுத்து

பிரசங்க மேடையில் விரித்திருந்த சிவப்புத் துணி, சுந்தர்ராஜின் இடது கண்ணுக்கு மட்டும் வெளுத்திருந்தது. வலது கண்ணைப் பொத்தினால் செங்கல் கழுவிய தண்ணீர் நிறம். கையை எடுத்தால் சிவப்பு.

அந்தக் கண்ணின் நரம்பு வீங்கிப் பார்வை போய், பாதி திரும்பியிருந்தது. சித்தூர் கண் டாக்டரம்மா அனுப்பும்போதே சொல்லியிருந்தார்: "இந்த வீக்கம் சில பேருக்கு கண்ணோட நின்னுடும். சில பேருக்கு தண்டுவடத்துல இறங்கி காலை வாங்கிடும்."

"எனக்கு?"

"இப்ப சொல்ல முடியாது. இறங்கிச்சுன்னா, தலையைக் குனிஞ்சா கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் கரண்ட் அடிக்கும். அடிச்சா உடனே வாங்க."

சத்தியவேட்டுப் பக்கத்து அவர் ஊரில் கரண்ட் ஏது? ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று தெரியட்டும் என்று கம்பம் நடவே யாரும் வரவில்லை. தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது? மனுஷன் நாயுடுபேட்டை அரிசி மில்லுக்குப் போய், கெஞ்சிக் கூத்தாடி ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு வந்தார். நன்றாகத் தெரிந்துகொண்டார். அதன்பிறகு குனியவேயில்லை. தட்டை மோவாய்க்குத் தூக்கிச் சாப்பிட்டார்.

"எல்லைத் தகராறு நல்லபடியா முடிய ஜெபிப்போம்" என்றார் பாதிரியார். சபை முழுக்கத் தலை தாழ்ந்தது, ஒன்றைத் தவிர.

"இன்னாங்க, கொக்கு மாதிரி நிக்கிறீங்க? எல்லாரும் பாக்கிறாங்க." தபீதாள் புருஷனின் பிடரியைப் பிடித்து அழுத்தினாள்.

குனிந்துவிட்டார்.

ஒன்றும் ஓடவில்லை. மறுபடி குனிந்தார். ஒன்றுமேயில்லை. சிரிப்பு வந்தது. ஜெபம் முடிந்ததும் மனைவியை விட்டுவிட்டு, கொளுத்தும் வெயிலில், வழியெல்லாம் குனிந்து குனிந்து நிமிர்ந்தபடி, பஞ்சில் நடப்பதுபோல் லேசாக வீட்டுக்கு வந்தார்.

உள்ளே குளுமை. கறிக்குழம்பு வாசம். பழக்கத்தில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். சிமெண்டுத் தரையில் ஈரக்கால் தடங்கள். எல்லாம் இடது கால்.

"யாரு உள்ள?"

பதில் வாசலிலிருந்து வந்தது. தபீதாள். மூச்சு வாங்கியபடி. "ஒத்தச் செருப்பு வழியிலேயே கழண்டு கிடக்குது. அதுகூடத் தெரியாமலா வந்துக்கினு இருந்தீங்க?"

கையை எடுத்தார்.

சிவப்பு.

குனிந்து பார்த்தார். இடது பாதத்தில் கண்ணாடிச் சில்லு, பாதி புதைந்து. வலியில்லை. கால் இருப்பதே தெரியவில்லை.

வாசலிலிருந்து அவர் நின்ற இடம்வரை தடங்கள்.

அதைத் தாண்டியும்.

அவர் இன்னும் நடக்காத தரையில். அறைக்குள். அதே இடது கால். நாலைந்து தடம் ஒழுங்காக. பிறகு விரல்கள் மட்டும். பிறகு காலை இழுத்த தேய்ப்பு. நீளமாக. கட்டில்வரை.

திரும்பி வந்த தடம் இல்லை.